செவ்வந்தி வீட்டின் முதல் படம்

செவ்வந்திக்கு எதையும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது. போன வருடம் மாதக்கணக்கில் என் உயிரை வாங்கியதும் அந்தக் குணம்தான்.

நான் போளூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற கல்பனா. ஜவ்வாது மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, போட்டோ எடுக்க, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்று என் கடைக்குத்தான் வருவார்கள். கரண்ட் போன நேரத்தில் வந்து நின்று, "எப்பக்கா வரும்?" என்று என்னவோ கரண்டை நானே பிடித்து வைத்திருப்பது போலக் கேட்பார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருவார்கள்.

செவ்வந்தியும் அப்படி வந்து பழக்கமானவள்தான். ஜமுனாமரத்தூர் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய ஊர் அவளுடையது. கொஞ்சம் சாமைக்காடு, சில புளியமரங்கள். அதை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் அவள் கணவன் தசரதன் ஒவ்வொரு கார்த்திகையிலும் மேஸ்திரியின் வேனில் ஏறி, குடகுப் பக்கம் காப்பிக்கொட்டை பறிக்கவும் மிளகு பறிக்கவும் போய்விடுவான். திரும்புவது பங்குனியில். கல்யாணமான வருடத்திலிருந்து இதே கதைதான். ஒரு பொங்கலுக்குக்கூட அவன் வீட்டில் இருந்ததில்லை.

"பொங்க பொங்கும்போது எல்லார் வூட்லயும் ஆம்பள பக்கத்துல நிக்கிறான். நான் மாட்டுக்கிட்ட பொங்கலோ பொங்கல்னு சொல்லிக்கினு நிக்கிறேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அருவி பார்க்க வருகிற கார்க்காரர்கள் தங்க இடம் கேட்டு அலைவதைப் பார்த்துப் பார்த்து, அவளும் தசரதனும் தங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டினார்கள். குடகில் சம்பாதித்ததெல்லாம் அந்தச் சுவருக்குள் போயிற்று. கட்டி முடித்ததும் என் கடைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, போன்ல போட்டா ஆளு தானா வர்றாங்களாமே. எனக்கும் போட்டுக் குடுக்கா. வூட்டுக்கு ஆளு வந்துகினே இருந்தா அவரு அந்தப் பக்கமே போவ வாணாம்."

போட்டுக் கொடுத்தேன். சும்மா இல்லை, மலை ஏறிப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அந்த வளைவுகளில் பஸ் திரும்பும்போது வயிறும் சேர்ந்து திரும்பும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி, இறங்கியதும் வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டுத்தான் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். முதல் சண்டையும் அன்றைக்கே வந்தது. வாசல் நிலைக்கு மேல் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கவிட்டிருந்தாள். பிதுங்கிய கண், தொங்கிய நாக்கு, முறுக்கு மீசை. "இத கழட்டு, வர்றவங்க பயந்துடுவாங்க" என்றேன். முனகிக்கொண்டே கழற்றி, வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். வீட்டுக்கு ‘மேகம் தொடும் வீடு’ என்று நான்தான் பெயர் வைத்தேன். என்ன அழகான பெயர்! அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

ரூம் பதிவு செய்கிற தளத்தில் அவள் போனிலேயே கணக்குத் தொடங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். ஆள் கேட்டால் எதை அழுத்த வேண்டும், புதுப் படம் எப்படிச் சேர்ப்பது, ஒரு படத்தை விரலால் அழுத்தி இழுத்து முன்னால் கொண்டுவருவது எப்படி. பலாப்பழக் காலத்தில் பலாவை, பூக்காலத்தில் பூவை முன்னால் வைக்கட்டும் என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு தடவைதான் காட்டினேன். மறுதடவை அவளே எனக்குச் செய்து காட்டினாள்.

அந்தக் கோடையில் வீடு நிரம்பி வழிந்தது. பங்குனியில் திரும்பிய தசரதனுக்கு உட்கார நேரமில்லை. ரோட்டிலிருந்து பெட்டி தூக்கிவருவான், அருவிக்குக் கூட்டிப்போவான், வெந்நீர் போடுவான். செவ்வந்தி சாமைச் சோறும் கோழிக்குழம்பும் ஆக்கிப் போட்டாள். சாப்பிட்டுப் போனவர்கள் அதைப் பற்றியே எழுதினார்கள். ஆனியில் மேஸ்திரி ஆள் சேர்க்க வந்தபோது தசரதன் இனிமேல் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கே எனக்குப் போன் வந்தது. அவர்கள் ஊரில் ஒரு புளியமரத்தடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து பேசினாள்.

"அக்கா, அவரு போமாட்டேன்னுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. நல்ல சேதிக்கு எவளாவது அழுவாளா என்று திட்டிவிட்டு வைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. கடையில் ஆள் இருந்ததால் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம்தான் பிடித்தது சனி. ஆடியில் ஒருவரும் வரவில்லை. ஆடியில் யார் ஊர் சுற்றுவார்கள் என்று சமாதானம் சொன்னேன். ஆவணியிலும் இல்லை. மழை என்றேன். புரட்டாசியில் ஆயுதபூஜை விடுமுறைக்கு மலை முழுக்கக் கார். ரோட்டோரம் முனிசாமி என்று ஒருவர் தகரக் கொட்டகையைத் தடுத்து ரூம் என்று விடுகிறார். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போனவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கொட்டகையும் நிறைந்துவிட்டது. மேகம் தொடும் வீட்டுக்கு மேகம்தான் வந்து போனது.

"வாடகைய குறை" என்றேன். குறைத்தாள். வரவில்லை. "புதுத் துண்டு வாங்கி வை" என்றேன். வாங்கி வைத்தாள். வரவில்லை. "பழைய மெத்தைய மாத்து, ஜன்னலுக்குத் திரை போடு, கொசுவலை கட்டு." எது சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்தாள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தாலாவது என் ஆத்திரத்தை அவள்மேல் காட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

நடுவில் ஒரே ஒரு கூட்டம் வந்தது. மூன்று காலேஜ் பையன்கள். பெரிய கேமரா, பெரிய டார்ச் லைட். வந்ததும் செவ்வந்தியிடம், "அக்கா, இங்க ராத்திரில இன்னா சத்தம் கேக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "மரநாய் கூரமேல ஓடும் தம்பி, பயப்படாதீங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். விடிந்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனவர்கள், ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘ஒன்றுமே நடக்கவில்லை, ஏமாற்றம்’ என்று எழுதிவிட்டார்கள். செவ்வந்தி அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்.

நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இரண்டு அறை வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்கிறார்கள்? கடைசியில், வருகிறவர்களுக்குப் பொழுது போகவில்லை, அதுதான் குறை என்று முடிவு கட்டி, முற்றத்தில் கட்டை அடுக்கித் தீ மூட்டு, சுற்றி உட்கார நாற்காலி போடு என்றேன். அதையும் செய்தாள். அந்த நாற்காலிகளில் கோழிகள் உட்கார்ந்தன.

பொறுக்க முடியாமல் மறுபடி எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். ஒவ்வொரு அறையாகப் புகுந்து பார்த்தேன். குழாயைத் திறந்தேன், கட்டிலில் படுத்துப் புரண்டேன், தலையணையை முகர்ந்தேன், கக்கூஸில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். செவ்வந்தி ஒரு சொம்பில் மோரை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். ஒரு குறை கிடைக்கட்டும், வைத்துக்கொள்கிறேன் என்றுதான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பாடாவது கெட்டுப்போயிருக்கும் என்று பார்த்தால், கோழிக்குழம்பில் உப்பு, உறைப்பு எல்லாம் சரியாக இருந்தது. எரிச்சல் தாங்காமல் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

போனில் இருப்பதை மட்டும் நான் பார்க்கவே இல்லை. அங்கே சிக்னல் இல்லை என்பது ஒரு பக்கம். அதெல்லாம் நான் எழுதினது, நான் எடுத்த படம், அதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்ற திமிர் இன்னொரு பக்கம்.

கிளம்பும்போது பார்த்தேன். தசரதன் பரணிலிருந்து, குடகுக்குக் கொண்டுபோகிற தகரப்பெட்டியை இறக்கி, திறந்து, வெயிலில் வைத்திருந்தான்.

"மேஸ்திரி சொல்லி அனுப்பிச்சாருக்கா. கார்த்திகைல வண்டி வருதாம். ஒரு சீசன் மட்டும் போய்ட்டு வர்றேன். வேற இன்னா பண்றது, சொல்லுங்க" என்றான், என்னைப் பார்க்காமல். செவ்வந்தி மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின சொம்பையே திரும்பக் கழுவினாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தீபாவளி போயிற்று. அந்த வாரம் என் கடைக்கு அருள் என்று ஒருவர் மனைவி, சின்னப் பெண்ணோடு வந்தார். வேலூர்க்காரர். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் ஏதோ பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டே, மலையில் தங்க நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். விடுவேனா?

"நான் எதுக்கு சொல்லணும், உங்க போன்லயே பாருங்க. மேகம் தொடும் வீடுன்னு ஒண்ணு வரும். கண்ண மூடிக்கினு போங்க" என்றேன்.

அவர் தேடினார். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தோள் வழியே எட்டிப் பார்த்த அந்தப் பெண் குழந்தை வீல் என்று கத்திக்கொண்டு அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்தது.

"இன்னாங்க மேடம், பேய் வூட்டுக்குப் போவச் சொல்றீங்க?" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

வரிசையாக எல்லா வீடுகளின் படமும் இருந்தது. ஒன்றில் பச்சை, ஒன்றில் பூ, இன்னொன்றில் நீச்சல்குளம். நடுவில் திரை நிறைய ஒரு மூஞ்சி. பிதுங்கிய கண், தொங்கிய நாக்கு, முறுக்கு மீசை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், நான் வைத்த அழகான பெயர்.

மூன்று பையன்களும் டார்ச் லைட்டோடு எதைத் தேடி வந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அருளை அனுப்பிவிட்டு, என் போனிலும் அந்த மூஞ்சியைத் தேடிப் பிடித்துப் பதிந்துகொண்டு, கடையைச் சாத்தி, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டேன். அன்றைக்கு வாந்தியும் வரவில்லை. கோபத்தில் வயிறு தன் வேலையை மறந்துவிட்டது போலிருக்கிறது.

செவ்வந்தி முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தசரதன் கயிற்றுக்கட்டிலில் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நான் அவள் மூஞ்சிக்கு நேரே போனை நீட்டினேன்.

"இது இன்னாடி?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"நம்ம பொம்ம."

"அது தெரியுது. இத யாரு போன்ல போட்டது?"

"நான்தான். நீதானக்கா சொல்லிக் குடுத்த, அழுத்தி இழுத்து முன்னாடி வெக்கலாம்னு."

"பூவ வெக்கச் சொன்னேன்டி! பலாப்பழத்த வெக்கச் சொன்னேன்! எவளாவது இத வெப்பாளா?"

"கோச்சுக்காதக்கா. ஊர்க்காரங்க நாலு பேரு பாக்குறதுக்கே வாசல்ல கட்றோம். நீ அதையும் கழட்டச் சொன்ன, சரின்னு கழட்டிட்டேன். ஆனா எல்லாரும் வூட்ட எங்கருந்து பாக்குறாங்க? போன்லதான பாக்குறாங்க? எந்தெந்த ஊர்லருந்தோ பாக்குறாங்க. அத்தினி கண்ணு வுழுற எடத்துல ஒண்ணுமே கட்டாம வுட்டா எப்டி?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆளு வராம போனப்பவாவது எடுத்திருக்கலாம் இல்ல?"

"ஆளு வரலன்னா கண்ணு பட்டுட்ச்சின்னு அர்த்தம். அப்பதான எடுக்கக் கூடாது?"

இவளிடம் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல! துண்டு, மெத்தை, திரை, கொசுவலை என்று அலையவிட்டேனே. நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். ஒளிக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டாள். வாசலில் கட்டினதை யாராவது ஒரு சேதியாகச் சொல்வார்களா?

"எப்ப போட்ட?" என்றேன்.

அவள் தசரதன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவரு மேஸ்திரிகிட்ட போமாட்டேன்னு சொன்னாரு பாரு, அன்னிக்கு. உனக்கு போன் பண்ணிட்டு, அங்கியே மரத்தடியில நின்னு போட்டேன்." முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வூட்டு மேல கண்ணு பட்டா பட்டுட்டுப் போவட்டும்க்கா. இவரு இங்க கீறாரே, அது மேல பட்டுட்சின்னா நான் எங்க போவேன்?" என்றாள்.

தசரதன் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான். கோபம் வந்தால்தான் எனக்கு வாய் வரும். அதனால் கத்தினேன்.

"சரி, இப்ப எடு அத. மொதல்ல எடு."

"எடுத்தா அவரு போய்டுவாருக்கா."

"அடிப்பாவி, அத வெச்சதாலதான்டி போறாரு! அந்த மூஞ்சியப் பாத்துதான் ஒருத்தரும் வரல. ஒருத்தரும் வரலன்னுதான் அவரு பெட்டி கட்றாரு!"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குள் இறங்குவது தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினாள்.

"அப்ப மொதப் படம் வேற எடுக்கணும்" என்றாள்.

எடுக்கலாம் என்றேன். வீட்டு வாசலையும் பின்னால் மலையையும் சேர்த்து எடுப்பதாக இருந்தேன். அவள் தசரதனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஆளு இருக்கக் கூடாது செவ்வந்தி. இந்த மாதிரி படத்துல வூடுதான் தெரியணும்."

"அவரு நிக்கட்டும். அவரு நிக்கிறதுக்குதான இந்த வூடே."

"அம்மே, இன்னா இது, ஊரு சிரிக்கும்" என்று தசரதன் நெளிந்தான். அவள் காதில் வாங்கவில்லை. அடுப்படிக்குப் போய் கோழிக்குழம்புச் சட்டியின் அடியில் விரலைத் தேய்த்துக்கொண்டு வந்து, அவன் கன்னத்தில் கரியால் ஒரு பொட்டு வைத்தாள். சின்னக் குழந்தைக்கு வைப்பது போலத்தான் வைத்தாள், ஆனால் அளவு மட்டும் பெரியவர்களுக்கு. என்னைப் பார்த்து, "இதுக்காச்சும் ஒத்துக்கக்கா" என்றாள். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்ய? எடுத்தேன். தசரதன் வெட்கத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதால், சிரிப்பை அடக்குகிற முகம் விழுந்தது. மூன்று பேரும் புளியமரத்தடிக்குப் போனோம். பொம்மையை எடுத்துவிட்டு அந்தப் படத்தை அவளையே இழுத்து முன்னால் வைக்கச் சொன்னேன்.

உடனே ஆள் வந்து குவிந்துவிடவில்லை. ஒவ்வொரு நாளும் நான் இங்கே கடையில் யாருக்காவது போட்டோ வெட்டிக்கொண்டே போனைப் பார்ப்பேன். கார்த்திகை பிறந்தது. நேரத்துக்குச் சாப்பிடாமல் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். மேஸ்திரியின் வேன் மறுநாள் வருகிறது என்று ஒரு பஸ் பயணி சொன்னபோது, ஜெராக்ஸ் இயந்திரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

மறுநாள் செவ்வந்தியிடமிருந்து போன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

"அக்கா, வேன் வந்து ஹாரன் அடிச்சிது."

"போய்ட்டாரா?"

"ரோட்லதான் நின்னாரு. தலமேல பெட்டி இருந்துச்சு."

நான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவர்து இல்லக்கா. காஞ்சிபுரத்துலருந்து ஒரு குடும்பம் வந்து எறங்குனாங்க, அவங்கள்து. இவர தலமேல பெட்டியோட பாத்துட்டு மேஸ்திரி வேன்ல ஏறச் சொன்னாரு. இவரு, ‘ஆளுங்க வந்துட்டாங்க, நான் வூட்டுக்குப் போறேன்’னு சொல்லிட்டு வந்துகினே இருந்துட்டாரு."

நான் அவளை நன்றாகத் திட்டினேன். இப்படியா சொல்வார்கள் ஒரு சேதியை?

இந்த வருடம் பொங்கல் கழிந்து அவள் கடைக்கு வந்தபோது, வீட்டில் இடித்த சாமை அரிசி ஒரு பை கொண்டுவந்தாள். பொங்கல் எப்படி என்று கேட்டேன். "பொங்கறப்ப அவரு பக்கத்துலயே நின்னாரு, புகை கண்ல பட்டுட்சின்னு கத்திக்கினே இருந்தாரு" என்றாள். அவள் சந்தோஷத்தில் எனக்கும் வாய் கொஞ்சம் நீண்டது. வந்து தங்குகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தில் கன்னத்தில் கருப்பாக இருப்பது என்ன என்று கேட்கிறார்களாம். போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் போட்டு அழித்துத் தரட்டுமா என்றேன்.

என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தொட்டுப் பாரு" என்றாள். அவள் குரலில் என் கோபம் அப்படியே இருந்தது. ஒரு தடவை காட்டினால் போதும் என்று சொன்னேனே.

பொட்டு இன்னும் படத்தில் இருக்கிறது. தகரப்பெட்டியில் இப்போது துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.